எண்ணெய் ஊறின மனு

பொரி மிதந்துகொண்டிருந்தது.

வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டிப் பொரி, தண்ணீர் மேல் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் நாங்கள் ஐம்பது அறுபது பேர் மூச்சு விடாமல் நின்றோம். சாரல் முகத்தில் விழுந்தது, ஒருத்தரும் துடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த ஆபீசர் குடைக்குள் நின்று தண்ணீரைப் பார்த்தார். பக்கத்தில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பொரியைப் பார்த்தார். நான் மட்டும் ஆபீசருக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தேன்.

மீன் வரவில்லை.

ஒன்றுகூட வரவில்லை. ஒரு தவளை வந்தது. ஒரு பொரியை மூக்கால் இடித்துப் பார்த்துவிட்டு அதுவும் போய்விட்டது.

"தவளை இருக்குங்கய்யா" என்றார் தலைவர், ரொம்பப் பணிவாக. "அதை நான் என்னைக்கும் இல்லைன்னு சொன்னதில்ல."

மீன் வந்தால் அந்த இடம் பிழைக்கும். வராவிட்டால் திங்கட்கிழமை வெடி வைப்பார்கள். என் கதை தனி. அந்தத் தண்ணீரில் கோடானுகோடி மீன் இருக்கிறது என்று சர்க்காருக்கு மனு போட்டிருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது.

கை கழுவுகிற இடம்

இந்த வாரம்தான் முதல் தடவையாக இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவன். சீசனுக்கு வருகிறவர்களைப் பாறையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்த்து, தட்டி, நெட்டி முறித்து, அருவிக்குள் தள்ளிவிடுவது தொழில். நான் சொல்வது அணாவும் போகாமல் நயா பைசாவும் கைக்குப் பழகாமல் எல்லாரும் குழம்பிக்கொண்டிருந்த காலம்.

அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசிப் பக்கம் இறங்குகிற வழியில் ஓரிடத்தில் ஆழமாகக் குழிந்து கிடக்கும். ஆற்றில் அப்படி ஆழமான இடத்தைக் கசம் என்போம். இதற்கு எண்ணெய்க் கசம் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான்.

காரணம் எங்கள் கை. ஆனி, ஆடியில் ஒரு நாளைக்கு முப்பது தலை பார்ப்போம். எண்ணெயிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி விரலிடுக்கு வெளுத்து, வெடித்து, எரியும். சோற்றைப் பிசைய முடியாது. ஆஸ்பத்திரிக் களிம்பு போட்டால் மறுநாள் எண்ணெயோடு அதுவும் வாடிக்கைக்காரர் தலைக்குப் போய்விடும்.

மருந்து கசத்தில் இருந்தது. உச்சிவேளையில் வேலை ஓய்ந்ததும் கரையில் வரிசையாகக் குந்தி, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விடுவோம். விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு மீன் அங்கன உண்டு. கல்லொட்டி என்போம். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், மேலேயிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. கை உள்ளே போனால் போதும், கூட்டமாக வந்துவிடும். செத்த தோலை, எண்ணெய்ப் பிசுக்கை, கொத்திக் கொத்தித் தின்னும்.

கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். என் கூட்டாளி பரமசிவன் மீசையைப் பார்த்தே சின்னப்பிள்ளைகள் அழும். அவன் தினமும் மத்தியானம் அங்கன உட்கார்ந்து, "ஏலே போதும்லே, விடுங்கலே" என்று மீனைக் கெஞ்சிக்கொண்டு இருப்பான். அரைமணி நேரத்தில் கை புதுசாகப் பிறந்த மாதிரி வெளியே வரும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மீன்மேல் உள்ள பாசம் பொதுவாகக் குழம்புச் சட்டியோடு சரி. அயிரை என்றால் உயிர். ஆனால் எண்ணெய்க் கசத்தில் ஒருத்தரும் தூண்டில் போட மாட்டோம். கை கொடுத்த இடத்தில் வாய் வைக்கலாமா?

தலைவர் கண்ட கனவு

பஞ்சாயத்து யூனியன் வந்த புதுசு. எங்கே பார்த்தாலும் திட்டம். எங்கள் தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. சிமெண்டு என்ற சாமானை அவர் நேசித்தார், அவ்வளவுதான். மெட்ராஸில் ஒரு நீச்சல் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றையிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று.

"கசத்துப் பாறையை வெடிவச்சு எடுத்திருவோம். தரை பூரா சிமெண்டு. சுத்திக் கம்பி, ஏணி. சீசனுக்கு வாரவன் அருவியில குளிச்சுட்டு இங்கன வந்து நீச்சல் அடிப்பான். ஊரு எங்கயோ போயிரும்" என்று டீக்கடையில் சொன்னார்.

"மீனெல்லாம் எங்க போகும் அண்ணாச்சி?" என்று கேட்டான் பரமசிவன்.

"மீனுக்கு ஓட்டு இருக்காலே?"

"மீனுக்கு இல்ல. மீன்கிட்ட கை நீட்டுதவனுக்கு இருக்கே."

டீக்கடையே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், 'மேற்படி குழியில் மீன் முதலிய உயிர் எதுவும் இல்லை' என்று தீர்மானம் எழுதி மேலே அனுப்பிவிட்டார். ஒரு வாரத்தில் காண்டிராக்டர் ஆட்கள் வந்து, வெடி வைக்கவேண்டிய இடங்களுக்கெல்லாம் பாறையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

பதினோரு வட்டம். தினமும் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நான் அதை எண்ணுவேன். ஒரு நாள் பன்னிரண்டு வந்தது. சோறு இறங்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அது காக்காய் எச்சம்.

சிமெண்டுத் தரையில் கல்லொட்டி எதில் ஒட்டும்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

காய்ந்த கை

மனு எழுதினது மைதீன் பாய். தென்காசியில் பொரிகடலைக் கடை வைத்திருந்தார். அச்சு மாதிரிக் கையெழுத்து. கல்லொட்டி கொத்திச் சொறி, சிரங்கு ஆறினவர்கள் நன்றிக்கடனாகக் கசத்துக்கு வந்து, அங்கன கிடக்கிற கெண்டைகளுக்குப் பொரி போடுவது வழக்கம். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் என்ற பேதமெல்லாம் சிரங்குக்குக் கிடையாது. அந்தப் பொரியெல்லாம் பாய் கடைப் பொரி.

அவர் முதலில் 'ஆயிரம் மீன்' என்றுதான் எழுதினார். "ஆயிரம்னா சர்க்காருக்குக் கொசு மாதிரி, கூட்டும் வே" என்று ஒருத்தர் சொன்னார். லட்சம் ஆயிற்று. இலத்தூர்க்காரர் ஒருத்தர் கோடி என்றார். கடைசியில் கோடானுகோடியில் நின்றது.

அப்புறம்தான் சங்கடம். கையெழுத்துப் போட வந்த முப்பது பேரும் வேலையிலிருந்து எழுந்து வந்தவர்கள். முப்பது பேர் கையிலும் முழங்கை வரை எண்ணெய்.

"ஏ, தாளைத் தொடாதீங்கப்பா" என்று அலறினார் பாய். "யாரு கை காய்ஞ்சிருக்கு?"

நான் அன்றைக்குக் காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன். முப்பது பேரும் என் கையைப் பார்த்தார்கள். இப்படித்தான் நான் போராட்டத்துக்குத் தலைமை ஏற்றேன்.

எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தரும் வேட்டியில் துடைத்துத் துடைத்துப் போட்டார்கள். வேட்டியிலும் எண்ணெய். சாயங்காலம் அந்த மனுவைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற பாயின் தாடி தெரிந்தது. என் கையெழுத்து இருந்த மேல்மூலை மட்டும் பளிச்சென்று காய்ந்து கிடந்தது, என்னைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே.

"பொய் மனு போட்டா என்ன தண்டனை பாய்?" என்று கேட்டேன்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீரும். மீன்தான் இருக்கே" என்றார்.

"கோடானுகோடி இருக்கா?"

பாய் கடையைப் பார்க்கப் போய்விட்டார்.

உன் பேர் என்ன?

இந்தப் பயம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வாத்தியார் பதினைந்து நாள் எங்களைத் தயார் பண்ணினார். எனக்கு ஒரே ஒரு கேள்வி. 'தென்காசி வழியாக ஓடும் ஆறு எது?' இட்லி தின்னும்போதும் சிற்றாறு, செருப்பு மாட்டும்போதும் சிற்றாறு.

இன்ஸ்பெக்டர் வந்தார். என் முன்னால் நின்று, "உன் பேர் என்ன?" என்றார்.

"சிற்றாறு, சார்."

வகுப்பே உருண்டது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. அதிகமாகத் தயார் பண்ணினால் காரியம் கெட்டுப்போகும் என்று அன்றைக்கே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

ஒத்திகை

ஆபீசர் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று திங்கட்கிழமை தெரிந்தது. நேரில் பார்த்து அங்கேயே முடிவு எழுதிவிடுவாராம்.

அவருக்கு எதைக் காட்டுவது? கல்லொட்டி கண்ணுக்குத் தெரியாது. பொரிக்கு எழும்பி வருகிற கெண்டையைத்தான் காட்ட வேண்டும். ஒரு கை பொரி போட்டால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி எழும்பும். அதைப் பார்த்தால் எந்த ஆபீசரும் கோடானுகோடியை நம்பிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு சந்தேகம். மீன் இருக்கிறதா, எங்கேயாவது போய்விட்டதா? ஒரு படி பொரி வாங்கிப் போட்டேன். எழும்பியது. நிம்மதி. மத்தியானம் மறுபடி சந்தேகம். மறுபடி ஒரு படி.

புதன்கிழமை பரமசிவன் போட்டுப் பார்த்தான். அச்சன்புதூரிலிருந்து கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர் வண்டி கட்டி வந்து போட்டுப் பார்த்தார்கள். வியாழக்கிழமை ஊரே போட்டுப் பார்த்தது. பாய் பொதுக் காரியம் என்று இரண்டு சாக்கை அப்படியே அவிழ்த்துக் கொட்டினார். கெண்டைகள் எழும்பின, மறிந்தன, வாலடித்தன. நாங்கள் கை தட்டினோம். நான்கூட அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அது எவ்வளவு அபூர்வம் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டால் தெரியும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேனே. கரையில் என் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரிதான் மெதுவாகக் காதில் சொன்னாள்:

"இந்தாங்க, மூணு நாளா கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கீங்க. இன்னைக்கு எவன் பந்தியில உக்காருவான்? எல்லாம் கீழே கிடந்து உறங்குதுக."

ஆபீசர் தலை

ஆபீசர் ஒரு பையைத் திறந்து எங்கள் மனுவை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஒரு காகிதம் இங்கே உயிரே இல்லைங்குது. இன்னொண்ணு கோடானுகோடி மீன்ங்குது. அதோட இந்த மனு என் பைல் பூராவையும் எண்ணெய் ஆக்கிடுச்சு. பக்கத்துல இருந்த நாலு ஊர் மனுவும் போச்சு. யாரய்யா இந்தச் சுடலைமுத்து?"

நான்தான்.

"அவன் ஊருக்குப் போயிருக்கான்யா" என்றான் பரமசிவன்.

தலைவர் என்னைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே நான் பிறகு இரண்டு தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போட்டேன். "அய்யா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, சாப்பிட்டுட்டு, அப்புறம் முடிவை எழுதலாம்" என்று மட்டும் சொன்னார்.

பரமசிவன் என்னைத் தள்ளினான். "நீ போய்த் தேய்லே."

"நானா?"

"ஒளிஞ்சிக்கிட அதைவிட நல்ல இடம் எங்க இருக்கு? அவரு முதுகுக்குப் பின்னாலதானே நிக்கப் போறே."

கசத்தை ஒட்டின பாறையில் ஆபீசர் துண்டோடு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சாரலில் நடுங்கிக்கொண்டே, "உன் பேர் என்ன?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேறு பெயர் எதுவுமே வரவில்லை.

"சிற்றாறு, ஐயா."

"அட. ஆத்துப் பேரா? நல்ல பேரு."

எண்ணெயை உச்சியில் வைத்துத் தட்டினேன். நாலு தட்டில் ஆள் கிறங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அந்தச் சுடலைமுத்து மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

அவர் தலை அப்போது என் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது.

"கிடைச்சா என்ன செய்வீங்கய்யா?"

"பிடரியில நல்லா அழுத்து. ஆங். கிடைச்சா உள்ள வச்சிடுவேன்."

அழுத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக யாருக்கும் தேய்த்ததில்லை.

முடிந்தது. உச்சிவேளை ஆகியிருந்தது. காலம் காலமாக அந்த நேரத்துக்கு என் கால் எங்கே போகுமோ அங்கே போனது. பாறை விளிம்பில் குந்தினேன். எதிரே பதினோரு வட்டம். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

வந்துவிட்டன. கல்லொட்டிகள். அவைகளுக்குப் பொரியும் தெரியாது, ஒத்திகையும் தெரியாது. வழக்கம்போல விரலிடுக்கில் புகுந்து கொத்தின. அழவேண்டிய நேரம். ஆனால் கூச்சம் கேட்குமா? எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்னய்யா சிரிப்பு?"

"மீனுங்கய்யா."

"எங்கே?" குனிந்து பார்த்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாதுங்கய்யா. காலை விட்டுப் பாருங்க."

எண்ணெய் வழிகிற இரண்டு காலையும் கசத்துக்குள் விட்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் புருவம் மேலே போயிற்று. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அவ்வளவு பெரிய ஆபீசர், தொந்தி குலுங்க, "ஐயோ! ஐயய்யோ! விடு! விடு!" என்று கத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். காலை மட்டும் எடுக்கவில்லை.

போலீஸ்காரர் ஓடிவந்தார். அவர் போலீஸே இல்லை, காக்கி போட்ட டிரைவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஊரே ஓடிவந்தது.

"தலைவரே!" ஆபீசருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "உயிரே இல்லைன்னு எழுதினீரே, என் காலை யாருய்யா தின்னுறது? தவளையா?"

"நீங்களும் ஒரு காலை வச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றான் பரமசிவன்.

தலைவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ரொம்ப கௌரவமாக ஒரு காலை வைத்தார். உதட்டைக் கடித்தார். கன்னம் உப்பியது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் உடைந்தார் பாருங்கள், அப்படிச் சிரிப்பு. பிடிமானத்துக்குப் பரமசிவன் மீசையைப் பிடித்துவிட்டார். பாய் இறங்கினார், டிரைவர் இறங்கினார், அச்சன்புதூர்க்காரர்கள் இறங்கினார்கள். கசத்தைச் சுற்றிப் பெரிய மனிதர்களும் சின்ன மனிதர்களும் காலை விட்டுக்கொண்டு, நடுவில் ஒருத்தரும் தின்னாத பொரி மிதக்க, சாரலில் சிரித்துக்கொண்டு கிடந்தோம்.

கடைசியில் ஆபீசர் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த மனுவை எடு" என்றார். எழுதப் போனார். அவர் கையெல்லாம் எண்ணெய், பேனா வழுக்கியது. சுற்றிலும் பார்த்தார்.

"யார் கை காய்ஞ்சிருக்கு?"

ஆபீசரையும் ஒருத்தரையொருத்தரும் பிடித்துக்கொண்டு சிரித்ததில் எல்லார் கையிலும் எண்ணெய்; மீன் தின்ற கை என்னுடையது ஒன்றுதான். துண்டில் ஒரு துடை துடைத்தால் சொட்டு எண்ணெய் இல்லை. ஊரே மறுபடியும் என் கையைப் பார்த்தது.

மனுவில் எண்ணெய் படாத ஒரே இடம், என் கையெழுத்துக்குப் பின்பக்கத்து மூலை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நேரில் சோதித்தேன். மீன் உண்டு. இங்கே வெடி வைக்கக் கூடாது. தொட்டியை வேறிடத்தில் கட்டவும்.'

"எழுதினது யாருன்னு கீழே உன் பேரைப் போடு" என்றார்.

சர்க்கார் தாளில் சிற்றாறு என்று எழுதலாமா? என் கை உண்மையை எழுதியது. அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். திருப்பி, மனுவின் முதல் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கையில கிடைச்சிட்டியேய்யா" என்றார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பேனா கையில் நிற்கவில்லை என்பதால் பெருவிரலை எடுத்து என் பெயருக்குக் கீழே அழுத்தினார். மை தேவைப்படவில்லை. எண்ணெயே பதிந்தது.

அப்புறம்

தொட்டியைப் பிறகு வேறிடத்தில் கட்டினார்கள். அதில் தவளைகள் நன்றாக இருந்தன. கசத்துப் பாறையில் சுண்ணாம்பு வட்டங்கள் அடுத்த சாரலுக்கே கரைந்துபோயின.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஒருத்தன் சர்க்கார் முடிவைத் தன் கையால் எழுதியிருக்கிறானே, நாளைக்கு யாராவது பைலைத் திறந்து கேட்டால்? பல வருஷம் கழித்தும் அடங்காமல் மைதீன் பாயிடம் புலம்பினேன்.

"அந்தக் காலத்துத் தாளை எல்லாம் இந்நேரம் கரையான் தின்னிருக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு. எண்ணெய் ஊறின தாளைக் கரையான் தொடாது."

அன்றையிலிருந்து இது வேறு கவலை. எங்கேயோ ஒரு அலமாரியில் மற்றதெல்லாம் மண்ணாகிப் போயிருக்க, முப்பது பேர் கை எண்ணெயோடு அந்த ஒரு தாள் மட்டும் இருக்கிறது. மீன் உண்டு என்கிறது. கீழே என் பெயர்.

நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விரலிடுக்கெல்லாம் கூசுகிறது.